றெஜினாவிடம் நான் கேட்காத கேள்வி

ஜன்னலை ஏற்றிவிடும், பிள்ளை. காற்றோடு போட்டியிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை.

லெஸ்ரரிலிருந்து ஹரோ மண்டபத்துக்கு இரண்டு மணி நேரம் என்று உமது கைத்தொலைபேசி சொல்கிறது. போதும். இன்று மாலை றெஜினாவின் நினைவு விழாவில் நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை உம்மிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் இருப்பதை அல்ல, உண்மையில் செய்யப்போவதை.

நிரலில் என்ன இருக்கிறது? 'குடிவரவு அலுவலகத்தில் ஒரு நேர்காணல். வழங்குபவர்: அமரர் றெஜினாவின் மகள் ஜூடிற். உடன்: யோகாம்பிகை.' உடன்! நான் அதிகாரியாகக் கதிரையில் அமர்ந்து கேள்வி கேட்பேன். ஜூடிற் அகதியாக நின்று தன் தாயின் பதில்களைச் சொல்வாள். சனம் சிரிக்கும், கண்ணைத் துடைக்கும், பிறகு வரிசையில் நின்று றோல்ஸ் தின்னும். உங்கள் ஏற்பாட்டுக் குழு நினைத்திருப்பது இதைத்தான்.

நடக்கப்போவது வேறு. எல்லாக் கேள்விகளையும் கேட்பேன். கடைசிக் கேள்வியை மட்டும் கேட்க மாட்டேன். மண்டபம் முழுவதும் அந்தக் கேள்விக்காகத்தான் வந்திருக்கும், ஏனென்றால் அதன் பதில்தான் அவர்கள் அத்தனை பேருக்கும் மனப்பாடம். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அந்தப் பெண் அம்மாவின் சேலையையும் உடுத்திக்கொண்டு, அம்மாவின் பதிலையும் நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் நிற்பாள். நிற்கட்டும்.

பிரேக்கை அழுத்த வேண்டாம். பின்னால் பாரவூர்தி வருகிறது.

ஏன் உம்மிடம் சொல்கிறேன் என்று யோசிக்கிறீர். காரணம் எளிது. எனக்கு எழுபத்தெட்டு வயது. இந்த வயதில் ஒருத்தி மேடையில் பேசாமல் இருந்தால், 'பாவம், மறந்துபோனா' என்று முடித்துவிடுவார்கள். மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். எனக்கு ஒரு சாட்சி வேண்டும். நாளைக்கு யாராவது 'அன்ரிக்கு ஞாபகம் போயிட்டுது' என்று சொன்னால், 'இல்லை, வேண்டுமென்றே செய்தவ' என்று சொல்ல ஒரு படித்த ஆள் வேண்டும். நீர் பல் மருத்துவர். உமது சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

முதலில் ஒன்று கேட்கிறேன். நான் யார் என்று உமக்குச் சொன்னார்கள்?

'றெஜினா அன்ரியோட நடிச்ச அன்ரி.' பார்த்தீரா? நீர் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதுவும் நல்லதுதான்.

கேளும். நான் பேராதனையில் புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள். லண்டனுக்கு வந்து நூலகத்தில் வேலைசெய்தபோது, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரச் சொன்னார்கள். எண்பத்து நாலாம் ஆண்டு. அப்போது மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவரும் அந்தக் குடிவரவு அலுவலகத்து மேசையின் முன்னால் இருந்து எழும்பி வந்தவர்கள். அதே கேள்விகள், அதே மொழிபெயர்ப்பாளர், அதே முகம். அதை யாரும் மேடையில் வைக்கத் துணியவில்லை. நான் வைத்தேன். எழுதியது நான். அதிகாரியாக நடித்ததும் நான். அகதியாக நடிக்கவிருந்த பெண்ணுக்கு அன்று காலை தொண்டை கட்டிக்கொண்டது.

மேடைக்குப் பின்னால் ஒருத்தி, தமையனின் மகளுக்கு நடன உடுப்புக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வாயில் நாலைந்து ஊசி. பாசையூர்க்காரி. கடற்கரைக் குரல். ஊசியை எடுக்காமலே சொன்னாள்: "அக்கா, நான் வாசிச்சு விடட்டே? எனக்கு வெக்கம் எண்டு ஒரு சாமான் இல்லை."

அவள்தான் றெஜினா.

தாளைப் பார்த்து வாசிப்பதாகத்தான் பேச்சு. கடைசிக் கேள்வி: 'இந்த நாட்டுக்கு நீங்கள் எதற்காக வந்தீர்கள்?' அதற்கு நான் ஒரு பதில் எழுதியிருந்தேன். ஒரு பக்கம். சொற்பொழிவு அல்ல, கட்டுக்கோப்பான பதில். யாழ்ப்பாணத்தின் மண், நீர், காற்று, எரிந்த வீடு, மூடிய பாதை, எல்லாம் படிப்படியாக ஏறி, இந்த நாட்டின் காலநிலையைப் பற்றிய ஓர் எள்ளலில் முடியும். நான் கேட்டேன். அவள் தாளைப் பார்த்தாள். பிறகு தாளை மடித்து இடுப்பில் சொருகினாள். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வெளியே ஜனவரி மாதத்து மழை.

"வெயில் காய," என்றாள்.

சிரிக்கிறீர். நீரும் சிரிக்கிறீர். அன்று மண்டபமே இடிந்து விழுந்தது. அழுதுகொண்டு சிரித்தார்கள். ஒரு கிழவர் கதிரையிலிருந்து சரிந்து விழுந்து, தூக்கிவிட்ட பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார். அது அவளுடைய பகிடி என்று எல்லோரும் நினைத்தார்கள். இன்றும் நினைக்கிறார்கள். அது என் வரி. காலநிலை நான் எழுதிய அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தது. அவள் செய்ததெல்லாம், முன்னால் இருந்ததை விட்டுவிட்டதுதான்.

அங்கிருந்து பதினாறு வருடம். ரூட்டிங், ஈஸ்ற்ஹாம், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ. தமிழன் வாடகைக்கு எடுக்கக்கூடிய மண்டபம் ஒன்றையும் நாங்கள் விடவில்லை. இந்த நாட்டில் இரட்டையர் நகைச்சுவைக்கு ஒரு மரபு உண்டு. நூலகத்தில் அதைப் பற்றி இருந்த எல்லாவற்றையும் படித்தேன். ஒருவர் நிமிர்ந்து நிற்பவர். மற்றவர் வளைந்து நெளிபவர். நிமிர்ந்து நிற்பவர் இல்லையென்றால் மற்றவருடைய நெளிவு வெறும் வயிற்றுவலி. நிமிர்ந்து நிற்பதுதான் கடினம். இதைத் தெரிந்த ஆங்கிலேயர் நிமிர்ந்து நிற்பவரின் பெயரைத்தான் முன்னால் போடுவார்களாம். நம்முடைய சனம்?

முதல் விளம்பரத்தில் 'யோகாம்பிகை, றெஜினா' என்று இருந்தது. பிறகு 'றெஜினா, யோகம்' என்று ஆனது; இடம் போதவில்லையாம். அதன் பிறகு 'றெஜினா குழுவினர்'. நான் குழுவினர். நான் ஒருத்தி, குழுவினர்!

கலியாண வீடுகளில் அவளைக் கட்டிப்பிடிப்பார்கள். என்னிடம் வந்து, "அக்கா, றெஜினாக்கா வரேல்லையோ?" என்று கேட்பார்கள். ஒரு தடவை ஆங்கிலத் தொலைக்காட்சிக்காரர்கள் படமெடுக்க வந்தார்கள். ஒப்பனை எல்லாம் போட்டு, கோட்டு எல்லாம் அணிந்து நிற்கிறேன். அந்தப் பையன் என்னிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டான், நான் அவருடைய மேலாளரா என்று. றெஜினா பக்கத்தில் நின்றாள். என்ன சொன்னாள் தெரியுமா? "இல்லைத் தம்பி, இவதான் எனக்கு முதலாளி. இவ கேளாட்டி எனக்குக் கதை வராது." ஆங்கிலத்தில்தான் சொன்னாள், அவளுடைய ஆங்கிலத்தில். எவ்வளவு ஏளனம் பாரும்.

ஏளனம் இல்லையா? நீர் அந்த இடத்தில் இருக்கவில்லை, பிள்ளை.

கேட்பவளுடைய வேலை என்ன என்று உமக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கத் தொடங்கும். அது இறங்கத் தொடங்கும் கணத்தில் அடுத்த கேள்வி விழ வேண்டும். முந்தினால் சிரிப்பு வெட்டுப்படும். பிந்தினால் சனம் குழந்தைக்குப் பால் போத்தல் தேடும். அதைவிட முக்கியம், கேட்பவள் சிரிக்கவே கூடாது. அதற்கு ஒரு வழிதான் உண்டு: பதில் சொல்பவளைப் பார்க்கக் கூடாது. கடைசி வரிசைக்கு மேலே, வெளியேறும் வாசலில் ஒரு பச்சை விளக்கு எரியும். எல்லா மண்டபத்திலும் எரியும். நான் அதைத்தான் பார்ப்பேன். பதினாறு வருடத்தில் மேடையில் அவளுடைய முகத்தை ஒருமுறைகூடப் பார்த்தவளில்லை நான். அவ்வளவு கட்டுப்பாடு. அவள் எப்படியெல்லாம் சீண்டினாள்! "சனங்களே, பாருங்கோ, அக்கான்ர சொண்டு துடிக்குது. சிரிச்சாவெண்டால் பல்லு விழுந்திடும்." உதடு துடித்தது உண்மைதான். நான் விளக்கைப் பார்த்தேன்.

ஒளிப்பதிவா? ஒன்றையும் நான் பார்த்ததில்லை. என் குரலை நானே கேட்டு மயங்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

இப்போது கதிரைக்கு வருவோம். இடப்பக்கம் ஒதுங்கி ஓட்டும். அந்தச் சிவப்புக் கார்க்காரனுக்கு மூளை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ் வானொலியில் அவளுடைய நேர்காணல். நேரடி ஒலிபரப்பு. நான் சமையலறையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டு கேட்கிறேன். அறிவிப்பாளர் கேட்டார், "யோகாம்பிகை அக்கா ஒருநாள் வரேல்லையெண்டால் என்ன செய்வீங்கள்?" அவள் யோசிக்கவும் இல்லை.

"ஒரு கதிரை காணும்." என் இடத்துக்கு ஒரு கதிரை போதுமாம்!

அறிவிப்பாளர் சிரித்தார். பின்னால் ஒலிப்பதிவுக்காரரும் சிரித்தார். என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் சிரித்துவிட்டு, இருமியதாக நடித்தார். நான் அன்று லீக்ஸைச் சமைக்கவில்லை.

அதோடு விட்டாளா? அதே வருடம் சூரிச்சில் நிகழ்ச்சி. என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை. நான் போக முடியவில்லை. அங்கிருந்தவர்கள் எனக்குப் பதிலாக ஓர் ஆசிரியையை ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். நல்ல குரல், படித்தவள். றெஜினா மாட்டேன் என்றுவிட்டாள். "வேற ஆளை இருத்தி நான் செய்யமாட்டன். கதிரையை வையுங்கோ" என்றாளாம். வைத்தார்கள். வெறும் கதிரை. அதன் மேல் ஒரு கறுப்புக் கைப்பை, நான் வைத்திருப்பது போல. என் குரலில் தானே கேட்டு, தன் குரலில் தானே பதில் சொன்னாள். இடையிடையே கதிரையைப் பார்த்து, "அக்கா, முறையாதேங்கோ" என்றாளாம். விழுந்து விழுந்து சிரித்தார்களாம். தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள், நல்ல செய்தி சொல்வதுபோல. "அக்கா, நீங்கள் வராததே தெரியேல்லை!"

புரிகிறதா? இன்னொரு பெண்ணை இருத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். என் இடத்துக்கு ஒரு மனித உயிர் தேவை என்றாவது ஆகியிருக்கும். அதையும் மறுத்துவிட்டு, மரத்தை இருத்தினாள்.

'வேற ஆளோட செய்ய மனம் வரேல்லையாக்கும்' என்கிறீர். உமக்கு இரக்க சுபாவம். பல் பிடுங்கும்போது அது உதவக்கூடும்.

நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அதையும் ஒரு பகிடியாக்கி மேடையில் ஏற்றியிருப்பாள். திரும்பி வந்து, "யோகக்கா, அத்தாருக்கு எப்பிடி? கதிரை உங்களை விசாரிச்சது" என்றாள். "நலம்" என்றேன். ஒரு பெட்டி சொக்கிலேற் தந்தாள். வாங்கிக்கொண்டேன். மனத்தில் ஒரு திகதியைக் குறித்துக்கொண்டேன்.

பழைய மாணவர் சங்கத்தின் வெள்ளி விழா. இன்று நாம் போகும் அதே ஹரோ மண்டபம். இரண்டாயிரமாம் ஆண்டு. ஒரு கதிரைகூட வெறுமையாக இல்லை; சுவரோரம் நின்றார்கள். நான் மேசைக்குப் பின்னால் அமர்ந்தேன். பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன். எந்த நாளும் போலவே கேட்டேன். அதைவிட நன்றாகக் கேட்டேன் என்றே சொல்வேன். அவளை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. உயரத்திலிருந்து விட்டால்தான் அடிபடும். சிரிப்பு அலைமேல் அலையாக வந்தது. கடைசிக் கேள்விக்கு நேரம் வந்ததும் மண்டபம் அமைதியானது. குழந்தைகளைக்கூட அடக்கிவிட்டார்கள். எல்லோருக்கும் தெரியும் என்ன வரப்போகிறதென்று. அதுதானே சுகம்.

நான் வாயை மூடினேன்.

பச்சை விளக்கைப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. யாரோ இருமினார்கள். முன் வரிசையில் ஒரு சிறுமி தெளிவாகச் சொன்னாள்: "அம்மா, அந்த அன்ரி மறந்திட்டா." பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, கிளாசில் தண்ணீர் ஊற்றுவது போல. பிறகு இன்னொன்று. நான் அசையவில்லை. இடப்பக்கம் முழுவதும் சிரித்தது. வலப்பக்கத்துக்குப் பரவியது. நான் கண்ணிமைக்கவில்லை. ஏறிக்கொண்டே போனது, பிள்ளை! இறங்கவில்லை. பதினாறு வருடமாகச் சிரிப்பை அளந்தவள் நான். அப்படி ஒன்று ஏறி நான் கண்டதில்லை. யாரோ ஒருவர் பின்னாலிருந்து எழும்பி, "சரி, ஏன்தான் வந்தனீங்கள்? நான் கேக்கிறன்!" என்று கத்தினார். அந்த நாகரிகமற்ற ஆள் யார் என்று பார்ப்பதற்காகத் தலையை மெல்லத் திருப்பினேன். அவ்வளவுதான் செய்தேன். கூரை போய்விட்டது.

அவள்? அவள் ஒரு சொல் சொல்லவில்லை. வாயாடி றெஜினா, வெட்கம் என்ற சாமான் இல்லாத றெஜினா, என் இடக்கைப் பக்கத்தில் மரம்போல நின்றாள். கதிரைபோல நின்றாள் என்று சொன்னாலும் பொருந்தும். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தச் சிரிப்பு முழுவதும் என்னுடையது. என் வாழ்நாளில் எனக்கே எனக்கென்று கிடைத்த ஒரே சிரிப்பு. அதை அவளிடமிருந்து, அவளுடைய மேடையில், அவளுடைய சனத்தின் முன்னால் பறித்தேன். பிறகு எழுந்தேன். கோட்டின் சுருக்கத்தைத் தடவிவிட்டேன். பக்கவாட்டுப் படியால் இறங்கி, மண்டபத்தின் நடுவால் நடந்து, அந்தப் பச்சை விளக்குக்குக் கீழால் வெளியே போனேன். அதன்பின் மேடை ஏறவில்லை. அடுத்த வருடம் லெஸ்ரருக்கு வீடு மாறிவிட்டோம்.

கூப்பிட்டாள். பல தடவை கூப்பிட்டாள். இவர்தான் எடுத்து, "யோகம் குளிக்கிறா" என்பார். எத்தனை தரம்தான் குளிப்பேன் என்று அவள் கேட்டாளாம். ஒருநாள் லெஸ்ரருக்கே வந்து மணியடித்தாள். நான் திறக்கவில்லை. மாடி ஜன்னலால் பார்த்தேன். முன்வாசலருகே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விட்டாள்.

அவளும் முடிந்தாள். அதற்குப் பிறகு ஒரு மேடையும் இல்லை. எத்தனையோ பேர் கூப்பிட்டும், எத்தனையோ பேரைச் சோடியாகத் தர முன்வந்தும், செய்யவில்லை. செய்ய முடியவில்லை. நான் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். அவளுடைய வாழ்க்கை முடிந்தது. இந்த மாசி மாதம் செத்தும் போனாள். நான் இழவுக்குப் போகவில்லை. இன்று போகிறேன்.

அந்த இரவைப் பற்றி எனக்கு ஒரேயொரு சந்தேகம் உண்டு. வேடிக்கையான சந்தேகம். இப்படி ஏதாவது பிழை நடந்தால் உடனே திரையை இழுத்துவிடுவார்கள், அதுதான் வழக்கம். அன்று ஏன் இழுக்கவில்லை? இழுத்திருந்தால் எனக்கு அந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது. யோசித்துப் பார்த்தேன். திரை இழுக்கிறவன் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பான். சங்கத்துக் கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தானே. எந்தக் குடிகாரனோ தெரியவில்லை, அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

என்ன?

இன்னொரு தரம் சொல்லும்.

உமது அப்பாவா?

மன்னித்துக்கொள்ளும். எனக்குத் தெரியாது. அவர் குடிப்பதில்லையா. சரி. தூங்கவும் இல்லையா. பிறகு?

மெதுவாகச் சொல்லும். கயிறு கையில் இருந்தது. இழுக்கத் தொடங்கினார். ஆம். றெஜினா...

கையைக் காட்டினாளா? எந்தக் கை?

பின்னால். முதுகுக்குப் பின்னால், உள்ளங்கையை விரித்து. 'நில்லு' என்று. அந்தச் சிரிப்பு முடியும்வரை அப்படியே வைத்திருந்தாளா? ஒளிப்பதிவிலும் தெரியுமா? உங்கள் வீட்டில் அதை எத்தனை தரம் போட்டிருப்பீர்கள்! ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும். 'றெஜினா அன்ரியின்ர கையைப் பாருங்கோ' என்று அப்பா சொல்வார். சரி.

முகம்? அவளுடைய முகம் என்ன செய்தது?

ஒன்றும் செய்யவில்லையா. சொண்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாளா. சிரிக்காமல். சிரிப்பை அடக்கிக்கொண்டு. எங்கே பார்த்தாள்? சனத்தை.

அதாவது என் வேலையைச் செய்தாள்.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தும். தேநீர் வேண்டாம். நான் கொஞ்சம் நடக்க வேண்டும்.

*

நன்றி. கதவை நானே சாத்துவேன். ஓட்டும்.

என்னைப் பார்த்து அப்படி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். நான் அழவில்லை, வெளியே காற்று. நீர் என்ன நினைக்கிறீர் என்று எனக்குத் தெரியும். 'பாவம் அன்ரி, இவ்வளவு காலமும் பிழையாக விளங்கிக்கொண்டிருந்தா, இனி மனம் ஆறிவிடும்.' உங்கள் தலைமுறைக்கு எல்லாம் ஆறிவிட வேண்டும்.

ஆறவில்லை. அவளுடைய கல்லறைக்குப் போய்க் கதவு இருந்தால் தட்டுவேன். எவ்வளவு துணிவு! நான் பறித்தேன் என்று இத்தனை காலமும் இருந்தேன். அவள் தந்தாளாம். பிச்சை போடுகிறவள்போல முதுகுக்குப் பின்னால் கையை நீட்டித் தந்தாளாம். உயிரோடு நான் வைத்திருந்த ஒரே ஒரு சிரிப்பு, அதையும் திரையை இழுக்கவிடாமல் காத்துத் தந்தவள் அவள். என் பழிக்குக்கூட அவள்தான் துணை நின்றாள். கேட்பவளும் அவளே, பதில் சொல்பவளும் அவளே, பேசாமல் இருப்பதிலும் அவளே கெட்டிக்காரி! எனக்கென்று என்ன விட்டாள்?

யோசித்துப் பாரும். இன்றைக்கு நான் திட்டமிட்டபடி பேசாமல் இருந்தால், ஜூடிற் என்ன செய்வாள்? ஒளிப்பதிவை அவளும் பார்த்தவள்தானே, தாயின் மகள்தானே. கையைப் பின்னால் விரிப்பாள். உமது அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார். சனம் எழுந்து நின்று, 'ஆகா, றெஜினாவேதான்' என்று கைதட்டும். மாறாகக் கேள்வியைக் கேட்டால், 'வெயில் காய' என்பாள். மண்டபம் இடியும். அதுவும் றெஜினா. செத்தவள் இரண்டு வாசலையும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இப்படி ஒரு வஞ்சகியோடு பதினாறு வருடம் மேடையேறியிருக்கிறேன்.

வரமாட்டேன் என்று திரும்பிப் போகலாம் என்கிறீரா? போனால் என்ன வைப்பார்கள் அந்த மேசைக்குப் பின்னால்? உமக்கே தெரியும்.

இல்லை. வேறொரு வழி இருக்கிறது. இப்போது ஓய்விடத்தில் நடந்தபோது பிடிபட்டது. ஜூடிற்றைக் கூப்பிடும். காருக்குள்ளேயே பேசலாம்தானே, அந்தப் பொத்தானை அழுத்தி. வேண்டாம், நீரே பிறகு சொல்லும். இன்று அவள் கேட்கட்டும். அந்தக் கதிரையில் அவள் இருக்கட்டும், கோட்டைப் போடட்டும். என்னுடைய கோட்டை நானே தருகிறேன். நான் நிற்கிறேன். நான் பதில் சொல்கிறேன்.

ஏன் கூடாது? பதில்களை எழுதியவள் நான். அந்த ஒரு பக்கமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று றெஜினா மடித்து இடுப்பில் சொருகிய அந்தப் பக்கம் முழுவதும். மண், நீர், காற்று, எரிந்த வீடு, மூடிய பாதை. படிப்படியாக ஏறும். ஒரு மனிதராவது அதை இதுவரை கேட்டதில்லை. இன்று கேட்பார்கள். அந்த 'வெயில் காய' எவ்வளவு சின்னப் பகிடி என்பது அப்போது விளங்கும். றெஜினாவின் நினைவு விழாவில், றெஜினாவின் மகள் கேள்வி கேட்க, றெஜினாவின் இடத்தில் நின்று, அவள் சொல்லாமல் விட்டதை நான் சொல்வேன். பழி என்றால் இதுதான், பிள்ளை. மற்றதெல்லாம் வெறும் கோபம்.

நீளமாக இருக்குமா? இருக்கட்டும். சிரிப்பு கடைசியில் வரும். நான் அதற்கான இடம் விட்டிருக்கிறேன்.

நம்பவில்லைப் போலிருக்கிறது. சரி, ஒத்திகை பார்ப்போம். வற்ஃபோர்ட் தாண்டிவிட்டோம், முன்னால் நெரிசல், நிற்கத்தான் வேண்டும். நீர் அதிகாரி. கேளும்.

அப்படி இல்லை. வாயைத் திறக்கச் சொல்வதுபோலக் கேட்கிறீர். நான் நோயாளி இல்லை, நான் அகதி. நீர் அரசாங்கம். உமக்கு என்மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது. அவ்வளவுதான். இன்னொரு தரம்.

'இந்த நாட்டுக்கு நீங்கள் எதற்காக வந்தீர்கள்?'

நல்லது. இப்போது நன்றாகக் கேட்டீர். பொறும். உடனே சொல்லக் கூடாது. அகதி முதலில் அந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டும். இப்படி.

...

ஏன் சிரிக்கிறீர்?

பிள்ளை, ஏன் இப்படிச் சிரிக்கிறீர்? ஸ்ரியரிங்கைப் பிடியும்! நான் இன்னும் வாயே திறக்கவில்லையே.